உலகம் சுற்றும் கப்பல்: வீட்டை விற்றவர்கள் கரையில் தவித்தது ஏன்?

பெட்டியை ஒரு தடவை பிரித்து அடுக்கினால் போதும். பிறகு மாதக்கணக்கில் அந்த அறைதான் வீடு. சமையல் இல்லை, துணி மடிக்கும் வேலை இல்லை. கண்விழித்தால் வெளியே வேறொரு நாடு. உலகம் சுற்றும் கப்பலுக்கு ஆள் சேருவது இதனால்தான்.

'செரனேட் ஆப் தி சீஸ்' கப்பல் 2023 டிசம்பர் 10-ந்தேதி அமெரிக்காவின் மியாமியில் கிளம்பி, 274 இரவுகள் கழித்து 2024 செப்டம்பரில் திரும்பியது. செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் நடந்ததால், நடுவழியில் திட்டத்தை மாற்றி ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. பார்க்க ஆசைப்பட்ட சில ஊர்கள் போயே போச்சு.

விசா எடுப்பது பயணியின் பாடு. சுகர், பிரஷர் மாத்திரையை மொத்தமாக வாங்கி வைக்கணும். கப்பலில் டாக்டர் உண்டு, பில் தனி.

இதெல்லாம் கப்பல் வந்தால்தானே? 2023 நவம்பரில் துருக்கியின் இஸ்தான்புல்லில் இருந்து 3 ஆண்டு பயணம் என்று ஒரு நிறுவனம் பணம் வசூலித்தது. அதை நம்பி வீட்டை விற்றவர்களும் உண்டு, வாடகைக்கு விட்டவர்களும் உண்டு. கடைசியில் பார்த்தால் நிறுவனத்திடம் கப்பலே இல்லை! முதலீடு கிடைக்காததால், வாங்க நினைத்த கப்பல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. பயணம் ரத்து. கட்டிய பணத்தை தவணையில் தருவதாகச் சொன்னார்கள்.

சிலர் அதற்குள் பெட்டி படுக்கையோடு இஸ்தான்புல்லுக்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.