கலங்கரை விளக்கம் சுமந்த நீதிமன்றம்

சென்னையை இரவில் நெருங்கிய கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்கு, 1894 முதல் 1977 வரை ஒரு நீதிமன்றத்தின் உச்சியில்தான் எரிந்தது. பாரிமுனையில் செக்கச்செவேலென்று நிற்கும் உயர் நீதிமன்றக் கட்டடத்தில், மற்ற மாடங்களைத் தாண்டி உயரும் பெரிய கோபுரத்தின் தலையில் அந்த விளக்கை ஏற்றியிருந்தார்கள். அதற்கு முன் 1844 முதல் இந்த வேலையைச் செய்துவந்த கருங்கல் தூணும் கிரேக்கக் கோயில் தூணின் சாயலில் இதே வளாகத்தில் நிற்கிறது.

இந்த மண்ணின் கதை கட்டடத்தைவிட நீளமானது. புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே இந்தியர்கள் வாழ்ந்த பழைய நகரமும் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இங்கேதான் இருந்தன. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த பிறகு, எதிரி மறைந்துநின்று சுட இடமே இருக்கக் கூடாது என்று கோட்டையைச் சுற்றியிருந்த வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. 1757-இல் கோயிலும் இடிக்கப்பட்டது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியில் அது தேவராஜ முதலித் தெருவில் மறுபடி எழுந்தது. ‘பட்டணம் கோயில்’ என்று இன்றும் அழைக்கப்படுவது அதுதான்.

விக்டோரியா மகாராணியின் சாசனத்தால் கல்கத்தா, பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்கள் 1862-இல் பிறந்தன. முதல் முப்பது ஆண்டுகள் சென்னை நீதிமன்றம் கடற்கரைச் சாலையில் வேறொரு கட்டடத்தில் இயங்கியது. புதிய கட்டடத்தின் வேலை 1888-இல் தொடங்கி, 1892 ஜூலை 12 அன்று திறப்பு விழா நடந்தது. கட்டடக் கலைஞர் பிராசிங்டன் போட்ட முதல் வரைபடத்தைத் திருத்தி வளர்த்துக் கட்டி முடித்தவர் ஹென்றி இர்வின். மைசூர் அரண்மனையை வடிவமைத்தவரும் இவரே.

முகலாயர் பாணிக் குமிழ் மாடங்கள், மெலிந்த ஸ்தூபிகள், வளைவுகள் ஆகியவற்றை ஐரோப்பியக் கட்டட அமைப்போடு சேர்த்துக் கட்டும் இந்த முறைக்கு இந்தோ-சரசெனிக் என்று பெயர். அழகுக்காக மட்டும் செய்ததல்ல இது. நீதிமன்றக் கூடங்களை ஒட்டி ஓடும் அகலமான தாழ்வாரங்கள் வெயிலை வெளியிலேயே நிறுத்துகின்றன. உயரமான கூரை வெக்கையை மேலே இழுத்துக்கொள்கிறது. மின்விசிறி வருவதற்கு முன் கறுப்பு அங்கி அணிந்து வாதாடியவர்களுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய உதவியாக இருந்திருக்கும்! வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும் ஓவியம் தீட்டிய கூரையையும் பார்க்க, 13-ஆம் எண் கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆங்கிலேயர் கட்டியது என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான். இரும்பு உத்திரங்களும் சில அலங்கார ஓடுகளும் தவிர, கட்டுமானப் பொருள்களில் அநேகமாக எல்லாமே உள்ளூரில் கிடைத்தவை. செங்கல்லும் சுடுமண் வேலைப்பாடுகளும் அரசுச் சூளைகளில் வெந்தவை. நுணுக்கமான வேலைகளில் பெரும்பகுதி சென்னைக் கலைப் பள்ளியில் பயின்ற கைவினைஞர்களுடையது. ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். சென்னையின் சிவப்புக் கட்டடங்கள் பலவும் அவர் கட்டியவை. இர்வினின் பெயரைச் சொல்லும் இடமெல்லாம் செட்டியாரின் பெயரையும் சொல்வதுதான் நியாயம்.

உள்ளே ஒரு சிலை இருக்கிறது. இந்த நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் இந்தியர் திருவாரூர் முத்துசாமி ஐயருடையது. வறுமையில் வளர்ந்து, சிறுவயதிலேயே சொற்பச் சம்பளத்துக்கு வேலைக்குப் போனவர், 1893-இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் அமர்ந்தார்.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைக் குண்டுவீசித் தாக்கியபோது, துறைமுகத்தருகே எண்ணெய்க் கிடங்குகள் பற்றியெரிந்தன. ஒரு குண்டு நீதிமன்றத்தின் சுற்றுச்சுவரில் விழுந்தது. அதைச் சொல்லும் கல்வெட்டு கிழக்குச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. மெட்ரோ ரயிலில் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்குகிறவர்கள் அதைத் தேடிப் போய்ப் பார்க்கலாம்.

வளாகத்துக்குள் செல்ல நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுமக்கள் நாள்தோறும் நடந்துபோகும் இந்த இடத்தை யாரும் பொதுவழி என்று உரிமை கோரிவிடக் கூடாது என்பதற்காக, ஆண்டுக்கு ஒரு நாள் எல்லா வாயில்களையும் பூட்டிவிடுகிறார்கள். அந்த நாள் பெரும்பாலும் நவம்பரில் வரும்.