கருவுற்ற மகளிரும் சிறுநீரகப் படப் பரிசோதனையும்

கருவுற்ற பெண்ணொருத்தி விலாப்புறத்தில் கடும் வலியும் காய்ச்சலும் கொண்டு மருத்துவமனைக்கு வருவாளாயின், மருத்துவர் இரு வினாக்களுக்கு விரைந்து விடை காண வேண்டியுள்ளது. சிறுநீர்ப் பாதை அடைபட்டுள்ளதா? கருவிலுள்ள குழந்தைக்கு ஊறின்றி அதனை அறிவது எவ்வாறு?

முதல் வினாவே எளிதன்று. கருவுற்ற காலத்தில் புரோஜெஸ்டிரான் என்னும் இயக்குநீர் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை அவற்றை இடுப்பெலும்பு விளிம்பில் அழுத்துகிறது. ஆதலால் நலமாயுள்ள பெண்களிடத்தும் சிறுநீரகம், குறிப்பாக வலப்புறத்தில், சற்று விரிந்து காணப்படும். விரிவு கண்டவுடன் கல் உண்டெனக் கொள்வதும் தவறு. இயல்பென்று எண்ணிக் கல்லைக் கவனியாது விடுவதும் தவறு.

முற்காலத்தில் எக்ஸ்ரே படமே துணையாயிருந்தது. கருவுற்றபோது எக்ஸ்ரே எடுக்கப்பட்ட தாய்மாரின் குழந்தைகளிடையே புற்றுநோய் மிகுந்திருந்ததை இங்கிலாந்தின் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1956-இல் சுட்டிக்காட்டினார். 1958-இல் கிளாஸ்கோவின் அயன் டொனால்டு, கேளா ஒலி அலைகளால் கருவைப் படமெடுக்கலாம் எனக் காட்டினார். ஸ்கேன் என வழங்கும் அம்முறையே இன்று முதற்பரிசோதனையாக உள்ளது. இதில் கதிர்வீச்சு இல்லை.

இயல்பான விரிவு பெரும்பாலும் இடுப்பு விளிம்போடு நின்றுவிடும். அதற்குக் கீழும் குழாய் விரிந்திருப்பின் கல்லை ஐயுறலாம். சிறுநீர், சிறுநீர்ப்பைக்குள் பீச்சிடுவதை டாப்ளர் முறையில் காணலாம். ஒருபுறம் அப்பீச்சு அறவே இல்லையெனில் அடைப்பு இருக்கக்கூடும். ஆயினும் நிறைமாதத்தில் படுத்திருக்கும் நிலையாலேயே அது மறையக்கூடுமாதலால், பெண்ணை மறுபக்கம் சாய்த்துப் படுக்கவைத்துப் பார்த்தல் நன்று.

ஸ்கேன் தெளிவு தராதபோது, சாயம் செலுத்தாத எம்.ஆர்.ஐ. படம் அடுத்த வழியாகும். அதுவும் போதாதபோது குறைந்த கதிரளவு கொண்ட சி.டி. படம் எடுக்கலாம். கரு பெறும் கதிரளவு 50 மில்லி கிரேக்குக் குறைவாயின், உறுப்புக் குறைபாடோ கருச்சிதைவோ மிகுவதாகக் காணப்படவில்லை. உரிய முறையில் எடுக்கப்படும் சி.டி. படத்தின் அளவு இதற்கு மிகவும் கீழானது. அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமித்தொற்று சேர்ந்தாலோ, குருதியில் நச்சு பரவித் தாயின் உயிருக்கே கேடு விளையும்; குறைமாதப் பிரசவமும் நேரலாம். கதிர்வீச்சச்சத்தால் தாமதிப்பது, கதிர்வீச்சினும் பெருந்தீங்காக முடியக்கூடும்.

அலுவலர்கள் கருதத்தக்கதும் ஒன்றுண்டு. பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கருவுற்ற பெண்ணுக்குச் செய்யப்படும் ஸ்கேன் பரிசோதனைக்கு முழுமையான பதிவு வைத்தல் கட்டாயமாகும். பதிவைச் செவ்வனே வைப்பது கடமை; ஆனால் பதிவுக்கு அஞ்சிச் சிறுநீரகப் பரிசோதனையை மறுப்பது சட்டத்தின் நோக்கமன்று. படிவத்தை நிரப்பச் சில நிமிடங்கள் போதும். உரிய நேரத்தில் எடுக்கப்படும் படமோ, தாய், சேய் இருவர் உயிரையும் காக்க வல்லது.