கோர்ட்டுப் பேச்சு – 9: ஜாமீன்

ஜாமீன் உத்தரவு வாங்கிக் கொடுத்த அன்று சாயங்காலமே அந்த போன் வந்துவிடும். “சார், ஜாமீன் கிடைச்சிருச்சுன்னீங்களே, தம்பியை இன்னும் விடலையே?” இத்தனை வருஷத் தொழிலில் இதற்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல எனக்கு வந்ததில்லை. ஜாமீன் கிடைப்பது ஒன்று, ஜாமீன் கொடுப்பது இன்னொன்று. முதலாவது வக்கீல் வேலை. இரண்டாவதற்கு ஆள் வேண்டும்.

சொல்லின் பிறப்பிலேயே அந்த ஆள் இருக்கிறார். அரபியில் இதன் மூலச்சொல்லுக்கு, இன்னொருவருக்காகப் பொறுப்பேற்று நிற்பவர் என்று பொருள். நம்மிடம் வந்த பிறகு ஆள் மறைந்து விடுதலை மட்டும் மிஞ்சியது. ஆளைக் குறிக்க ‘ஜாமீன்தாரர்’ என்று ஒரு வாலை ஒட்டவேண்டியதாயிற்று. ‘பிணை’யும் அப்படித்தான். பிணைத்தல் என்றால் கட்டுதல். ஒருவனை அவிழ்த்துவிட இன்னொருவனைக் கட்டிப்போடும் ஏற்பாடு.

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், எந்தக் குற்றத்துக்கு ஜாமீன் உரிமை, எதற்கு இல்லை என்று நீளமாக அட்டவணை போட்டது. ஜாமீன் என்றால் என்ன என்று மட்டும் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில்தான் அதற்கு ஒரு வரையறை வந்தது. பத்திரிகைகளில் ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு’ என்று எழுதுகிறார்களே, அது பாதி உண்மை. அந்தப் பிரிவிலும் வெளியே வரலாம். உரிமையாகக் கேட்க முடியாது, நீதிபதி மனம்வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மனம்வைத்து உத்தரவும் போட்டாகிவிட்டது. ‘தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன்’ என்று அதில் இருக்கும். பணத்தை அப்போதே யாரும் கட்ட வேண்டியதில்லை. எதிரி வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால் நான் கட்டுகிறேன் என்று எழுதிக்கொடுப்பதுதான். (குற்றம் சாட்டப்பட்டவருக்கு எங்கள் கோர்ட்டுகளில் ‘எதிரி’ என்று பெயர். யாருக்கு எதிரி என்று கேட்காதீர்கள்.) இருவரில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று பல உத்தரவுகளில் ஒரு வரி சேர்ந்துகொள்ளும். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, வீட்டு வரி ரசீது, வி.ஏ.ஓ. சான்று. வாடகை வீட்டில் இருப்பவர் வரி ரசீதுக்கு எங்கே போவார்?

ஒருமுறை கட்சிக்காரரின் தாய்மாமன் வந்து நின்றார். ரசீதைச் சுருட்டி வேட்டி மடிப்பில் செருகியிருந்தார். “எதிரிக்கு நீங்க என்ன வேணும்?” என்றார் மாஜிஸ்திரேட். பெரியவர் பதறிவிட்டார். “எதிரியெல்லாம் இல்லீங்கய்யா, அவன் என் அக்கா மகன்!” கோர்ட்டே சிரித்தது. ரசீதைப் பிரித்தால், செத்துப்போன அவர் அப்பா பெயரில் இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் மேலும் நாலு நாள் உள்ளே இருந்தான்.

இந்த நாலு நாள் கதை புதிதில்லை. 1978-இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோத்திராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. கீழே மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். வழக்கு மறுபடி டெல்லிக்குப் போனது. நீதிபதி கிருஷ்ணய்யருக்கு வந்த கோபம் தீர்ப்பில் தெரியும். ஒரு தமிழரோ மலையாளியோ சாந்தினி சவுக்கில் கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். கொத்தனாரை ஆயிரம் ரூபாய் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். ஆள் ஊரில் வேரூன்றி இருக்கிறானா என்று பார்ப்பதை விட்டுவிட்டு ரசீதைப் பார்ப்பது எனக்கும் எப்போதும் தலைகீழாகவே படுகிறது.

சட்டம் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. ஜாமீன் உரிமையுள்ள குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஆள் கொடுக்க முடியாதவரை ஏழையென்றே கருதி, அவர் கையெழுத்தின் பேரில் விட வேண்டும். 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் மற்ற வழக்குகளையும் தொட்டது. உத்தரவாகி ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் ஆள் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். இதைக் கேட்டு வாங்கத் தெரிந்த குடும்பங்கள் எத்தனை!

தாய்மாமன் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு அலைந்து சான்றோடு ஐந்தாம் நாள் வந்து கையெழுத்துப் போட்டார். வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்டார்: “இந்தக் கையெழுத்து எத்தனை நாளைக்கு நிக்கும் வக்கீலய்யா?”

“வழக்கு முடியறவரைக்கும்.”

“அது எப்ப முடியும்?”

அதற்குள்ள சொல்லை அடுத்த வாரம் பார்ப்போம்: வாய்தா.