பெல்லந்தூரின் நுரை, கெலவரப்பள்ளியின் தண்ணீர்: நடுவில் யார் பொறுப்பு?

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. இரவெல்லாம் மழை. காலையில் பெல்லந்தூர், வர்த்தூர் பக்கம் போனால் ஏரி மதகிலிருந்து வெள்ளை நுரை மலையாகக் கிளம்பிச் சாலைக்கு வந்து, பைக்கில் போகிறவர் சட்டையில் ஒட்டும். ஒரு போட்டோ, ஒரு ஸ்டேட்டஸ், அதோடு மறந்துவிடுவோம்.

ஆனால் அந்தத் தண்ணீர் அங்கேயே நிற்பதில்லை. ஏரியைத் தாண்டித் தென்பெண்ணை ஆற்றில் கலந்து, மாநில எல்லை கடந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறந்தால் அங்கேயும் நுரை. பெங்களூருவில் அது டிராஃபிக் தொல்லை. அணைக்குக் கீழே இருக்கும் விவசாயிக்கு அதுதான் பாசனத் தண்ணீர்.

ஒரு நகரத்தின் கழிவுநீர் இன்னொரு மாநிலத்தின் வயலுக்குப் போகும்போது அதைச் சுத்தம் செய்ய வேண்டியது யார்?

காவிரியில் எடுத்து, தென்பெண்ணையில் விடுவது

முதலில் மேப்பைப் பார்க்க வேண்டும். பெங்களூரு ஒரு மேட்டு நிலத்தின் முதுகில் உட்கார்ந்திருக்கிற நகரம். மேற்குச் சரிவில் விழும் தண்ணீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. கிழக்குச் சரிவில் இரண்டு பள்ளத்தாக்குகள்: ஹெப்பால், கோரமங்களா–செல்லகட்டா. இரண்டும் இறங்குவது தென்பெண்ணையில். கன்னடத்தில் அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூர் பக்கம் கடலில் சேர்கிற ஆறு.

நகரம் குடிப்பதோ காவிரியை. சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு பம்ப் செய்து கொண்டுவருகிறார்கள். வீடுகளிலும் அலுவலகங்களிலும் பயன்படுத்தியபின் கிழக்குச் சரிவில் இருப்பவர்களின் தண்ணீர் தென்பெண்ணைக்குப் போய்விடுகிறது. யாரும் திட்டம் போடாமலே நடக்கும் ஒரு நதிநீர் இணைப்பு, கழிவுநீர் வடிவத்தில்.

காவிரி வழக்கிலேயே இந்த மேப் ஒரு வாதமாக வந்தது. பெங்களூருவில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று கணக்கிட்டு நடுவர் மன்றம் நகரத்தின் குடிநீர்ப் பங்கைக் குறைத்திருந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பெங்களூருவுக்காக 4.75 டிஎம்சி கூடுதலாகக் கொடுத்தது. குடிக்கிற தண்ணீருக்கு இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டோம். அது கழிவாகி எந்தப் பக்கம் இறங்கும் என்பதற்கு அப்படியொரு கணக்கு கிடையாது.

நுரை ஏன் பொங்குகிறது?

துணி துவைக்கிற, பாத்திரம் கழுவுகிற சோப்பில் உள்ள நுரைக்கும் பொருட்கள்தான் காரணம். சுத்திகரிக்காத கழிவுநீரோடு அவை ஏரிக்கு வருகின்றன. ஏரியில் ஆக்சிஜன் இருந்தால் பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்துவிடும். பெல்லந்தூரில் ஆக்சிஜனுக்குப் பஞ்சம். அதனால் ஒரு பகுதி அடியில் சேற்றோடு ஒட்டித் தங்கிவிடுகிறது. பெருமழை வந்து சேற்றைக் கலக்கும்போது பல நாள் சோப்பும் ஒன்றாக மேலே வரும். மதகில் உயரத்திலிருந்து விழும் தண்ணீரில் காற்று புகுந்தால் போதும், மிக்ஸியில் அடித்த மாதிரிதான்.

சோப்பில் இருக்கும் பாஸ்பேட்டும் கழிவிலுள்ள நைட்ரஜனும் வேறு ஒரு வேலை செய்கின்றன. அவை ஆகாயத்தாமரைக்கு உரம். தாமரை ஏரியை மூடும், காற்றோட்டம் இன்னும் குறையும், செடி அழுகிச் சேறாகும். அந்தச் சேற்றிலிருந்து மீத்தேன் வரும்.

2015இலும் 2017இலும் இந்த ஏரி தீப்பிடித்து எரிந்தது நினைவிருக்கலாம். 2018 ஜனவரியில் பிடித்த தீயை அணைக்க ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. தண்ணீர் இருக்கும் இடத்தில் தீயணைப்பு வண்டி! உலகம் முழுக்கச் செய்தியானது.

ஒரு ஏரி, எத்தனை அலுவலகம்?

பெல்லந்தூர் ஏரி சுமார் 900 ஏக்கர். பெங்களூருவின் மிகப் பெரிய ஏரி. அதன் பொறுப்பு நகர வளர்ச்சி ஆணையமான பிடிஏவிடம். அதற்குள் வரும் கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் கணக்கு. கழிவைச் சுமந்து வருவதோ மழைநீர் வடிகால்; கன்னடத்தில் ராஜகாலுவே. அது மாநகராட்சியின் சொத்து (அந்த மாநகராட்சியையும் 2025இல் ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள்). ஆலைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் அனுமதி கொடுப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஏரிகளுக்கென்றே தனி ஆணையமும் உண்டு.

கேட்டால் ஒவ்வொருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஏரிக்காரர் சொல்வார்: கழிவு வருவதை நிறுத்துங்கள், நான் தூர்வாருகிறேன். குடிநீர் வாரியம் சொல்லும்: எங்கள் பாதாளச் சாக்கடைக்குள் வந்தால் சுத்தம் செய்வோம், வடிகாலுக்குள் விடுவதை நாங்கள் எப்படிப் பிடிப்பது? மாநகராட்சி சொல்லும்: வடிகால் மழைநீருக்குக் கட்டியது. பொய் யாரும் சொல்லவில்லை. ஏரி மட்டும் அப்படியே இருக்கும்.

2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதைத் தானாகவே வழக்காக எடுத்தது. 2018 டிசம்பர் உத்தரவில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய், மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாய் அபராதம். அதைவிட முக்கியமான விஷயம் வேறு: சீரமைப்புக்காக 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கச் சொன்னது, முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் கண்காணிப்புக் குழு அமைத்தது. அதில் இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திராவும் இருந்தார். பணம் தனியாக, கேள்வி கேட்க ஒரு குழு, கெடு தேதிகள். துறைகள் ஒரே மேஜைக்கு வந்தது இதற்குப் பிறகுதான். தூர்வாரும் வேலை தொடங்கியது. அறிவித்த கெடுக்களைத் தாண்டியும் நீண்டது. ஆனாலும் கண்காணிக்க ஆள் இருந்தால் என்ன மாறும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

நகரத்துக்குள்ளேயே சின்ன அளவில் நடந்ததும் உண்டு. வடக்கில் ஜக்கூர் ஏரி. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் நேராக ஏரியில் விழாது. நாணலும் சம்பும் வளரும் ஒரு ஈரநிலத்தில் மெதுவாக ஊர்ந்து, மிச்சமுள்ள நைட்ரஜனையும் பாஸ்பேட்டையும் செடிகளிடம் விட்டுவிட்டு உள்ளே வரும். அரசுத் துறைகளோடு சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்களும் சேர்ந்து அதைக் கவனிக்கிறார்கள். ஆனால் அங்கே நிலையத்தின் அளவு தொடக்கத்தில் 10 எம்எல்டிதான் (ஒரு எம்எல்டி என்றால் தினமும் 10 லட்சம் லிட்டர்). பெல்லந்தூர்ப் பக்கம் பேச்சு நூற்றுக்கணக்கான எம்எல்டியில்.

பிளான்ட் கட்டினால் போதுமா?

அரசு அறிவிப்புகளில் எப்போதும் வருவது ‘இத்தனை எம்எல்டி திறன்’. அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். இந்திய நகரங்களில் உருவாகும் கழிவுநீர் 72,368 எம்எல்டி. கட்டிவைத்த சுத்திகரிப்புத் திறன் 31,841. அதில் இயங்குவது 26,869. நிஜமாகவே சுத்திகரிக்கப்படுவது 20,236. அதாவது உருவாவதில் 28 சதவீதம். இயங்குகிற பிளான்ட்டுகளில்கூட கால்வாசித் திறன் சும்மா கிடக்கிறது. கழிவு அங்கே வந்து சேர்வதில்லை, குழாய் போடவில்லை, அல்லது ஓட்டப் பணம் இல்லை.

அடுத்தது, ‘சுத்தம்’ என்றால் எவ்வளவு? 2017 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி பெருநகரங்களில் பிஓடி லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம், மற்ற இடங்களில் 30. (தண்ணீரிலுள்ள கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதுதான் பிஓடி. குளிக்கத் தகுந்த ஆற்றில் அது 3க்குள் இருக்க வேண்டும்.) தாமரைக்குக் காரணமான பாஸ்பரசுக்கும் நைட்ரஜனுக்கும் அந்த விதியில் வரம்பே இல்லை. 2019 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு பிஓடி 10 என்று இறுக்கியது. நைட்ரஜன், பாஸ்பரசுக்கும் வரம்பு சொன்னது. விட்டுப்போனதைத் தீர்ப்பாயம்தான் சேர்க்க வேண்டியிருந்தது என்பதே ஒரு செய்தி.

பணம் எப்படிக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். கங்கைத் திட்டத்தில் ஒரு முறை கொண்டுவந்தார்கள். தனியார் நிறுவனம் பிளான்ட் கட்டும்போது செலவில் 40 சதவீதம்தான் கிடைக்கும். மீதி 60 சதவீதம் 15 ஆண்டுகளுக்குத் தவணையாக, பிளான்ட் சரியாக ஓடுவதைப் பொறுத்து வரும். ரிப்பன் வெட்டியதும் கிளம்பிப் போக முடியாது. எல்லா இடத்திலும் இது பலித்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேள்வி சரியான கேள்வி: காசு கான்கிரீட்டுக்கா, சுத்தமான தண்ணீருக்கா?

கோலாருக்குப் போன குழாய்

கிழக்குச் சரிவில் அரசுத் துறைகள் உண்மையிலேயே கைகோத்த ஒரு திட்டம் உண்டு. குடிநீர் வாரியம் சுத்திகரிக்கும் தண்ணீரைச் சிறுபாசனத் துறை பம்ப் செய்து, வறண்ட கோலார் மாவட்டத்தின் ஏரிகளை நிரப்புவது. கேசி வேலி திட்டம் என்பார்கள். இலக்கு தினமும் 440 எம்எல்டி, முதல் கட்டத்தில் 126 ஏரிகள். போர்வெல் ஆயிரம் அடி தாண்டிப் போன மாவட்டத்தில் நிலத்தடி நீரை ஊற வைப்பதுதான் நோக்கம்.

2018 ஜூனில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. ஜூலையில் லட்சுமிசாகர ஏரியில் நுரை! பெல்லந்தூரின் நுரை இந்த முறை குழாய் ஏறிப் போயிருந்தது. பம்பிங் நின்றது, விஷயம் உயர் நீதிமன்றத்துக்கும் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. தடைகளைத் தாண்டித்தான் திட்டம் மறுபடி ஓடியது. விமர்சகர்களின் கேள்வி இன்றும் அதேதான்: இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நிறுத்திய தண்ணீரை, மக்கள் குடிக்கிற நிலத்தடி நீருக்குள் ஊற விடலாமா, மூன்றாம் நிலை வேண்டாமா?

தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் இன்னொரு முகம் தெரியும். பெங்களூரு தன் கழிவை நன்றாகச் சுத்தம் செய்து, மேல்பகுதியிலேயே மறுபடி பயன்படுத்தினால் கெலவரப்பள்ளிக்கு நுரை குறையும். ஆனால் கோடையில் வரும் தண்ணீரும் குறையும். கோடையிலும் ஆற்றில் ஓட்டம் இருப்பதற்குக் கழிவுநீரும் ஒரு காரணம். அதனால் ஓசூர் விவசாயி முன்னால் இருப்பது ‘அழுக்குத் தண்ணீரா, நல்ல தண்ணீரா’ என்ற தேர்வு அல்ல. ‘அழுக்காக நிறையவா, சுத்தமாகக் கொஞ்சமா’ என்பது. தரத்தையும் அளவையும் தனித்தனியாகப் பேசினால் இதற்கு விடை கிடைக்காது.

எல்லையில் யார் நிற்கிறார்?

அரசியலமைப்பில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தில் 1956இல் நதி வாரியச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். இரு மாநில ஆறுகளுக்குப் பொது வாரியம் அமைக்கலாம்; மாசைத் தடுப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. கிட்டத்தட்ட 70 ஆண்டுகளில் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை.

அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம், நதிநீர்த் தகராறுச் சட்டம், அதைத்தான் நமக்குத் தெரியும். தகராறு வந்தபின் நடுவர் மன்றம். சேர்ந்து நிர்வகிக்கிற சட்டம் தூங்குகிறது, சண்டை போடுகிற சட்டம் ஓடுகிறது.

தென்பெண்ணைக்கும் இதேதான். மார்கண்டேய ஆற்றில் கர்நாடகம் கட்டிய அணை உள்ளிட்டவற்றை எதிர்த்து 2018இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. அது அளவு பற்றிய வழக்கு. மாசு பற்றியும் தமிழ்நாடு தனியாக உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டது. மத்திய வாரியமும் இரு மாநில வாரியங்களும் சேர்ந்து தண்ணீரைச் சோதிக்க வேண்டியதானது. நுரை பற்றிப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வும் விசாரித்தது. ஒரே ஆறு, மூன்று வழக்கு. இதில் எல்லாப் பழியும் கர்நாடகத்துக்கு என்றும் இல்லை. எல்லை தாண்டிய பிறகு நம் பக்கத்து ஊர்களின் சாக்கடையும் இதே ஆற்றில்தான் சேர்கிறது.

காவிரியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் தினமும் அளக்கிறது; எந்த மாதம் எத்தனை டிஎம்சி என்று அட்டவணை; கேட்க ஒரு மேலாண்மை ஆணையம். குறைந்தால் அடுத்த நாளே செய்தி. தென்பெண்ணை எல்லையில் இத்தனை கனஅடி, இத்தனை பிஓடி, இத்தனை பாஸ்பேட் என்று இரு மாநிலமும் ஒப்புக்கொண்ட ஒரு அட்டவணை, அதை மீறினால் பதில் சொல்ல ஒரு அமைப்பு, இரண்டும் இருந்தால் பெல்லந்தூரில் ஒரு பிளான்ட் நின்றுபோனது ஓசூரில் நுரையாக வந்துதான் தெரிய வேண்டியதில்லை.

இதற்கிடையே 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. பெங்களூருவுக்குத் தினமும் கூடுதலாக 775 எம்எல்டி. முக்கியமாக, புறநகரில் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு. கிழக்கில் ஐடி பூங்காக்கள் நிறைந்த மகாதேவபுராப் பகுதி கிராமங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. வழங்கும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது இந்தியப் பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. அப்படியானால் புதிதாகச் சுமார் 620 எம்எல்டி. அதில் கிழக்குச் சரிவின் பங்கு இறங்கப்போகும் இடம் தென்பெண்ணை.