"இருக்கலாம்" என்ற ஒரு சொல்

சென்ற திங்கள் ஓரிரவு, கரமனையில் நான் தங்கியிருக்கும் அறைக்கு நண்பர் ஒருவர் வந்தார், கதவைத் தாழிட்டார். நெடுநேரம் கழித்தே வாய் திறந்தார்.

"மறைவிடத்தில் கொப்புளம் வந்திருக்கிறது. ஹெர்ப்பிஸாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். இனி என் வாழ்வு அவ்வளவுதான்!"

அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. தாம் மணக்கவிருக்கும் பெண்ணுக்கு, "நீதான் இதை எனக்குத் தந்தாய்; நீ எனக்குத் துரோகம் செய்துவிட்டாய்" என்று எழுதியிருந்தார். கரமனையாற்றில் குளிப்பதை நிறுத்திவிட்டாராம். தட்டையும் துண்டையும் தனியே வைத்துவிட்டாராம். ஊருக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்ளலாமா என்றும் கேட்டார்.

மருத்துவர் சொன்னது "இருக்கலாம்". நண்பர் கேட்டதோ "இருக்கிறது"! மறுநாள் அவருடன் நானும் மருத்துவரிடம் சென்றேன். அங்கு அறிந்தவற்றை உங்களுக்கும் கூறுகிறேன், கேளுங்கள் தோழர்களே.

நாம் அக்கி என்று அழைக்கும் நோய், சின்னம்மை வைரஸால் வருவது. ஹெர்ப்பிஸ் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வைரஸ். அதில் இரு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் உதட்டோரத்திலும், இரண்டாம் வகை பிறப்புறுப்பிலும் கொப்புளம் தரும். வாய்வழி உறவால் முதல் வகையும் கீழே சேர்வதுண்டு. 2020-ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோருள் ஏறத்தாழ 52 கோடிப் பேரிடம் இரண்டாம் வகை இருந்ததென உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆகவே இது எங்கோ ஒருவருக்கு வரும் நோயன்று.

இது எவ்வாறு பரவுகிறது? உடலுறவின்போது தோலோடு தோல் உராய்வதால் பரவுகிறது. ஆற்று நீரால் அன்று, துண்டாலும் தட்டாலும் அன்று, கழிப்பறையாலும் அன்று. புண் இருக்கும்போது பரவும் வாய்ப்பு மிகுதி. புண் இல்லாதபோதும் பரவலாம். ஆணுறை அவ்வாய்ப்பைக் குறைக்கும். முற்றிலும் தடுக்காது, அது மூடாத தோலும் உண்டல்லவா? புண் ஆறும்வரை உறவைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

கண்ணால் பார்த்து மட்டும் இந்நோயை உறுதி செய்ய இயலாது. மேகப்புண்ணும் சிரங்கும்கூடச் சில வேளை இவ்வாறே ஏமாற்றும். கொப்புளம் புதிதாக இருக்கும்போதே அதிலிருந்து பஞ்சுக் குச்சியால் நீரெடுத்துச் சோதிக்க வேண்டும். இரத்தச் சோதனையை அவசரப்பட்டுச் செய்தால் பயனில்லை. எதிர்ப்பொருள் தோன்றச் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதங்கள்கூட ஆகும்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம். வைரஸ் புகுந்த 2 முதல் 12 நாட்களுக்குள் சிலருக்குக் கொப்புளம் வரும். பலருக்கு ஒன்றும் வராது. அது முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். அப்படியிருக்க, யார் யாருக்குத் தந்தார் என்று கொப்புளத்தைப் பார்த்து எவர் தீர்ப்புக் கூற முடியும்? அப்பெண்ணிடம் அது இல்லாமலே இருக்கலாம். இருந்தும் அவள் அறியாமல் இருக்கலாம். நண்பரிடமே முன்பிருந்து இருந்திருக்கலாம்.

வைரஸை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் புண்ணை விரைவில் ஆற்றும். அடிக்கடி வருவோர்க்கு வரவைக் குறைக்கும். அம்மருந்து உருவாகக் காரணமானவர்களுள் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் அம்மையார் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். கருவுற்ற பெண்கள் மட்டும் இதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து.

அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்குத் தனிப்பிரிவு உண்டு. வெட்கப்படாமல் செல்லுங்கள்.

நண்பர் சோதனைக்குக் கொடுத்துவிட்டார். முடிவு இன்னும் வரவில்லை. பழைய கடிதத்தை என் அறையிலேயே கிழித்தார். புதிதாக எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்: "எனக்கு ஒரு நோய் இருக்கலாம் என்கிறார்கள். முடிவு வந்ததும் மறைக்காமல் சொல்வேன். இருவரும் சேர்ந்தே மருத்துவரைப் பார்ப்போம்."

நோய் வருவது குற்றமன்று, தோழர்களே. அறிந்தபின் மறைப்பதும், அறியாமலே பழி சுமத்துவதுமே குற்றம்.