புல்லுக்குள் இத்தனை வாசனையா? தெரியுமா?

எலுமிச்சைப் புல், சிட்ரோனெல்லா, பாமரோசா மூன்றும் ஒரே ‘சிம்போபோகன்’ பேரினம் என்று தெரியுமா? ஆனால் ஒன்று எலுமிச்சையாய் மணக்கும், ஒன்று கொசுவை விரட்டும், ஒன்று ரோஜாவாய்க் கமழும்!

* எலுமிச்சம்பழத் தோல் எண்ணெயில் எலுமிச்சை மணம் தரும் சிட்ரால் சில சதவீதம்தான். கிழக்கிந்திய எலுமிச்சைப் புல் எண்ணெயில் எவ்வளவு தெரியுமா? 75 முதல் 85 சதவீதம்! பழத்தையே மிஞ்சிய புல்!

* இந்த எலுமிச்சைப் புல்லின் தண்டு நிறத்தை வைத்தே எண்ணெயின் தரம் சொல்லலாம், தெரியுமா? செந்தண்டு என்றால் சிட்ரால் அதிகம். வெண்தண்டு என்றால் குறைவு!

* மேற்கிந்திய ரகத்திலும் சிட்ரால் உண்டு. ஆனால் மிர்சீன் என்ற பொருளும் கூடவே இருப்பதால் எண்ணெய் ஆல்கஹாலில் சரியாகக் கரையாது! கிழக்கிந்திய ரகமோ சுலபமாகக் கரையும். கொச்சித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறியதால் அதற்குப் பெயரே ‘கொச்சின் எண்ணெய்’!

* ‘ஜாவா’ சிட்ரோனெல்லாவின் பூர்வீகம் ஜாவா இல்லை, தெரியுமா? இலங்கையில் ‘மகாபெங்கிரி’ என்று வளர்த்த புல்தான் அங்கே போய்ப் புகழ் பெற்றது! இலங்கையிலேயே தங்கிய ரகம் ‘லேனாபட்டு’. அதன் எண்ணெயில் சிட்ரோனெல்லால் என்ற மணப்பொருள் 5 முதல் 15 சதவீதம். ஜாவா ரகத்திலோ 30 சதவீதத்துக்கும் மேல்!

* பாமரோசாவில் மோதியா, சோஃபியா என்று இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு ரகங்கள்! பார்த்தால் பிரித்தறிவது கஷ்டம். ஆனால் மோதியாவின் குரோமோசோம்கள் 20, சோஃபியாவுக்கோ 40! ரோஜா வாசனை தரும் ஜெரானியால் மோதியா எண்ணெயில் 75 சதவீதத்துக்கும் மேல். சோஃபியாவில் அதைவிட ரொம்பக் குறைவு!

* ஒரு காலத்தில் இந்தப் பாமரோசா எண்ணெய் பம்பாயிலிருந்து துருக்கிக்குப் போனது. எதற்குத் தெரியுமா? விலை உயர்ந்த ரோஜா எண்ணெயில் கலப்படம் செய்ய!

* 100 கிலோ பச்சை எலுமிச்சைப் புல்லை நீராவியில் வடித்தால் எவ்வளவு எண்ணெய்? பெரும்பாலும் அரைக் கிலோகூடத் தேறாது!

* கேரளாவின் ஓடக்காலியில் இந்தப் புல்லுக்கென்றே ஆராய்ச்சி நடந்தது தெரியுமா? அங்கே பிறந்த புகழ்பெற்ற ரகம்தான் ‘சுகந்தி’!

* 1893-இல் டீமான், குரூகர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் சிட்ராலிலிருந்து அயனோன் தயாரித்தார்கள். எலுமிச்சை வாசனையிலிருந்து வயலட் பூவின் வாசனை பிறந்தது! அது மட்டுமா? அதே அயனோனிலிருந்து வைட்டமின் ஏ-வும் தயாரிக்கலாம்! புல்லில் தொடங்கி வைட்டமின் வரை... நம்ப முடிகிறதா?