தோட்டத் தமிழ்ப்பள்ளி
மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்கள், 20ஆம் நூற்றாண்டு

பலகைச் சுவர், தகரக் கூரை, ஓரிரு அறைகள்: தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பக்கத்தில் எழுந்த பள்ளிகள் பல இப்படித்தான் இருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல இடங்களில் தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணியோ, தோட்ட எழுத்தரான கிராணியோதான் வாத்தியார்.

அரசாங்கம் நடத்தும் கல்விக்கூடங்களில் இன வேறுபாடு கூடாது என்கிறது 1957 அரசியலமைப்பின் 12ஆவது விதி. சட்டம் அப்படிச் சொன்னாலும், தோட்டப் பள்ளிக்குச் சிக்கல் காலடி மண்ணிலேயே இருந்தது. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுத்தது. ஆனால் நிலம் தோட்டக் கம்பெனியுடையது என்பதால் பள்ளி ‘பகுதி உதவி’ பெறுவதாகவே நின்றது. கூரை ஒழுகினால் பணம் திரட்டும் பாரம் பெரும்பாலும் பள்ளி வாரியத்தின் மீதும் பெற்றோர் மீதும் விழுந்தது. பெற்றோர் வாங்கியதோ தோட்டக் கூலி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது பள்ளிக்கு இடமே நிச்சயமில்லாமல் போனது. சொந்த நிலம், முழு உதவி, புதுக் கட்டடம் கேட்டுப் பெற்றோர் மனு மேல் மனு கொடுத்தனர்.

இடம் மட்டுமல்ல, பயிற்றுமொழியும் நிச்சயமில்லை: தமிழ்ப்பள்ளியை மலாய்வழித் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை 1961 கல்விச் சட்டம் அமைச்சருக்கு அளித்திருந்தது. 1996 கல்விச் சட்டத்தில் அந்த அதிகாரம் தரும் பிரிவு இல்லை.